பாடம் 9: இயற்கை – ஒரு சொல், பல பொருள்

படிக்கத் தொடங்கும் முன்

‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் என்ன படம் தோன்றுகிறது? மரமா? மலையா? ஆறா? பெரும்பாலான மாணவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். இப்போது கீழே உள்ள ஐந்து வாக்கியங்களையும் வாய்விட்டுப் படியுங்கள்.

1. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய் இயற்கையை ரசித்தோம்.
2. இது இயற்கையான தேன், சர்க்கரை கலக்கவில்லை.
3. குளிர் காலத்தில் இயற்கை எரிவாயுவால் வீட்டைச் சூடாக்குகிறோம்.
4. எங்கள் ஊர்ப் பெரியவர் நேற்று இயற்கை எய்தினார்.
5. அதிகம் பேசாமல் இருப்பது அவன் இயற்கை.

ஐந்திலும் ஒரே சொல்தான் இருக்கிறது. ஆனால் அது ஐந்து இடத்திலும் ஒரே பொருளைத் தரவில்லை. நான்காவது வாக்கியத்தில் மரமும் இல்லை, மலையும் இல்லை. ஒருவர் இறந்த செய்தி இருக்கிறது. ஐந்தாவது வாக்கியம் ஒருவனுடைய குணத்தைப் பற்றிப் பேசுகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது புதிது அல்ல. ‘படி’ என்றால் வாசி, மாடிப்படியும் ‘படி’தான். அங்கே குழப்பம் வராது. ஆனால் ‘இயற்கை’யின் பொருள்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. அதனால் ஒரு பொருளில் சொன்னதை இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொண்டால் சில நேரம் உடலுக்குக் கேடு வரும். சில நேரம் ஒருவருடைய மனத்துக்குக் கேடு வரும். எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. சொல்லின் வேர்

இயற்கை = இயல் + கை

இங்கே ‘கை’ என்பது நம் உடம்பில் உள்ள கை அல்ல. அது சொல்லின் கடைசியில் சேரும் ஒரு விகுதி. வருகை, செய்கை, வாழ்க்கை ஆகிய சொற்களிலும் அதே ‘கை’ இருக்கிறது.

‘இயல்’ என்பதில் உள்ள ‘ல்’ ஏன் ‘ற்’ ஆனது? ‘ல்’ என்ற எழுத்துக்குப் பின் க, ச, ப என்ற வல்லின எழுத்து வந்தால், ‘ல்’ பல இடங்களில் ‘ற்’ ஆக மாறும்.

சொல் + கள் = சொற்கள்
கல் + கண்டு = கற்கண்டு
பல் + பொடி = பற்பொடி
செயல் + கை = செயற்கை

கடைசியாக உள்ள ‘செயற்கை’தான் ‘இயற்கை’யின் எதிர்ச்சொல். மனிதர் செய்தது செயற்கை. யாரும் செய்யாமல் தானாக அமைந்தது இயற்கை.

‘இயல்’ என்ற வேரிலிருந்து இன்னும் பல சொற்கள் வந்துள்ளன.

இயல்பு – ஒன்றின் வழக்கமான தன்மை
இயற்பெயர் – முதலில் வைத்த பெயர். கவிஞர் பாரதிதாசனின் இயற்பெயர் சுப்புரத்தினம். எழுத்தாளர் கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி.
இயற்பியல் – பொருள்களின் தன்மையையும் அசைவையும் ஆராயும் அறிவியல். இலங்கையில் இதைப் பௌதிகவியல் என்பார்கள்.
இயலும் – முடியும்
இயலாது – முடியாது

கடைசி இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இயல்பு’, ‘இயலும்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பள்ளியில் நீங்கள் சொல்லும் ‘நேச்சர்’ என்ற ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேர் ‘பிறத்தல்’ என்ற பொருள் தருவது. தமிழ்ச் சொல்லின் வேரோ நடப்பதையும் முடிவதையும் குறிக்கிறது.

2. இயற்கை என்றால் நம்மைச் சுற்றியுள்ள உலகம்

முதல் வாக்கியத்தில் உள்ள பொருள் இதுதான். காடு, கடல், மழை, பறவை, விலங்கு எல்லாம் இயற்கை.

கனடாவில் டொராண்டோ நகரின் கிழக்குப் பக்கத்தில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. தமிழர்கள் நிறைய வாழும் ஸ்காபரோவுக்கு அருகில் உள்ள பூங்கா இது. 2015ஆம் ஆண்டில் இது தேசிய நகரப் பூங்காவாக ஆனது. இதன் பரப்பு சுமார் 79 சதுர கிலோமீட்டர். இதற்குள் காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, சதுப்பு நிலம் இருக்கிறது. அவற்றோடு விவசாயிகள் உழுது பயிர் செய்யும் வயல்களும் இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காடு இயற்கை. வயல் இயற்கையா? வயலை மனிதர்தானே செய்தார்கள்?

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். மலை குறிஞ்சி. காடு முல்லை. வயல் மருதம். கடற்கரை நெய்தல். வறண்ட நிலம் பாலை. இந்த ஐந்தில் வயலும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களை அவர்கள் ‘கருப்பொருள்’ என்றார்கள். மரம், பூ, பறவை, விலங்கு மட்டும் அல்ல. அங்கே வாழும் மக்கள், அவர்களுடைய தொழில், உணவு, பறை, யாழ் எல்லாமே கருப்பொருள்தான். மனிதர் ஒரு பக்கம், இயற்கை மறு பக்கம் என்று அவர்கள் கோடு கிழிக்கவில்லை. மருத நிலத்து எருமையும் அந்த நிலத்தைச் சேர்ந்தது; உழவரும் அந்த நிலத்தைச் சேர்ந்தவர்.

ஆகவே இயற்கையைப் பார்க்க நாம் எப்போதும் தூரமான இடத்துக்குப் போகவேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுச் சுவர் ஓரத்தில் முளைத்த புல்லும் இயற்கைதான். அதைப் பார்க்கும் நீங்களும் அதில் ஒரு பகுதிதான்.

3. இயற்கை என்றால் மனிதர் செய்யாதது

இரண்டாவது வாக்கியத்திலும் மூன்றாவது வாக்கியத்திலும் உள்ள பொருள் இது. கடையில் பல பொட்டலங்களில் ‘இயற்கையானது’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்தவுடன் நாம் ‘நல்லது’ என்று நினைத்துவிடுகிறோம். இயற்கை வேறு, நல்லது வேறு.

அரளிச் செடியை நீங்கள் ஊரில் பார்த்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் இதை அலரி என்பார்கள். அழகான பூ. கோயில் பூசைக்குப் பறிப்பார்கள். ஆனால் அந்தச் செடி முழுவதும் நஞ்சு. அது முழுக்க முழுக்க இயற்கையானதுதான்.

தேனும் இயற்கையானது. பெரியவர்கள் சாப்பிடலாம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தேனில் சில நேரம் இருக்கும் ஒருவகைக் கிருமியைச் சிறு குழந்தையின் வயிறு தாங்காது.

மரவள்ளிக் கிழங்கில் இயற்கையாகவே நஞ்சாகக்கூடிய பொருள் உண்டு. அதனால்தான் அதைத் தோல் உரித்து, நன்றாக அவித்துச் சாப்பிடுகிறோம். இங்கே மனிதரின் கை பட்ட பிறகுதான் அது உணவாகிறது.

இப்போது செயற்கையின் பக்கம் பார்ப்போம். நம் உடலில் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற பொருளைச் சுரக்கிறது. சிலருடைய உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. முன்பு அப்படிப்பட்ட சிறுவர்கள் அதிக நாள் உயிர் வாழ முடியாது. 1921ஆம் ஆண்டில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பான்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் ஆகியோர் விலங்கின் கணையத்திலிருந்து அந்தச் சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது ஊசி மூலம் கொடுக்கப்பட்டது. இன்று இன்சுலினைப் பெரும்பாலும் நுண்ணுயிரிகளைக் கொண்டு தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். அது செயற்கைதான். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தினமும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

எரிவாயுவுக்கு ஏன் ‘இயற்கை எரிவாயு’ என்று பெயர்? முன்பு பல நகரங்களில் நிலக்கரியிலிருந்து வாயுவைத் தயாரித்தார்கள். நிலத்துக்கு அடியில் தானாக உண்டான வாயு அதிலிருந்து வேறானது என்று காட்டவே ‘இயற்கை’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அதை எரித்தாலும் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு வெளிவரும். பெயரில் இயற்கை இருப்பதால் அது இயற்கைக்குக் கேடு செய்யாது என்று நினைக்க முடியாது.

‘இயற்கை விவசாயம்’ என்ற சொல்லையும் பாருங்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகச் சென்று இயற்கை விவசாயத்தைப் பரப்பினார். அங்கும் மனிதர்தான் உழுகிறார், விதைக்கிறார், களை எடுக்கிறார். இரசாயன உரத்துக்குப் பதிலாகச் சாணம், இலைதழை போன்றவற்றை இடுவதால் அதற்கு அந்தப் பெயர்.

ஒரு சின்ன வழி: எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

‘இயற்கை’ என்ற சொல் எங்கே வந்தாலும், “எது அல்லாத இயற்கை?” என்று கேளுங்கள். எதிர்ச்சொல் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடும்.

இயற்கைக் காட்சி – எதிராக, கட்டடமும் சாலையும் நிறைந்த காட்சி
இயற்கை உரம் – எதிராக, இரசாயன உரம்
இயற்கை எரிவாயு – எதிராக, தயாரித்த எரிவாயு
இயற்கை மரணம் – எதிராக, விபத்தாலோ பிறராலோ வந்த மரணம்
இயற்கைக் குணம் – எதிராக, பிறகு வந்த குணம்

4. இயற்கை எய்துதல்

‘எய்து’ என்றால் அடை, சேர் என்று பொருள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘செத்துப் போனார்’ என்று நாம் எழுதுவதில்லை. அது மரியாதை ஆகாது. ‘காலமானார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவபதம் அடைந்தார்’, ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதுவோம். ஒவ்வொரு குடும்பமும் தன் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கும். ‘இயற்கை எய்தினார்’ என்பதில் எந்தக் கடவுளின் பெயரும் இல்லை. அதனால் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

வீட்டில் யாராவது இறந்து, ஊரில் உள்ள உறவினருக்கு நீங்கள் செய்தி எழுத வேண்டி வந்தால், இந்தச் சொற்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா?
பயணத்தின்போது ஒருவர், “இயற்கை உபாதை, கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள்” என்றால், அவர் மலையை ரசிக்கப் போகவில்லை. அவர் கழிவறைக்குப் போக வேண்டும்!

5. இயற்கை என்றால் குணம்

ஐந்தாவது வாக்கியத்தின் பொருளுக்கு வந்துவிட்டோம். இயல்பு, சுபாவம், குணம், தன்மை ஆகிய சொற்களையும் இதே பொருளில் பயன்படுத்துகிறோம். நெருப்பின் இயற்கை சுடுவது. மீனின் இயற்கை நீந்துவது. இவற்றில் சந்தேகம் இல்லை. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது என்ன ஆகும்? கீழே உள்ள உரையாடலை மூன்று பேராகப் பிரிந்து படியுங்கள். இது யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் உள்ளது.

உரையாடல்: கவினுக்கு என்ன ஆனது?

(ஸ்காபரோவில் ஒரு வீடு. சனிக்கிழமை மாலை. கவின் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்திருக்கிறான். அம்மம்மா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருக்கிறார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.)

அம்மம்மா: என்ன பிள்ளை, வந்ததில இருந்து ஒண்டும் கதைக்காமல் இருக்கிறாய்? பசிக்குதோ?

கவின்: இல்லை அம்மம்மா. பொங்கல் விழாவில என்னைப் பேசச் சொல்லினம். மூண்டு நிமிசம். எனக்கு ஏலாது.

அம்மம்மா: ஏன் ஏலாது?

கவின்: நான் கூச்சக்காரன். அது என்ர இயற்கை. அம்மாவும் எல்லாரிட்டயும் அப்பிடித்தானே சொல்லுறவ.

நிலா: ஓம் அம்மம்மா. போன கிழமை மாமா ஆக்கள் வந்தபோதும் அம்மா அதைத்தான் சொன்னவ. “இவன் பிறவியிலேயே இப்பிடித்தான்” எண்டு.

அம்மம்மா: பிறவியிலயோ? இவன் பிறக்கேக்க ஆஸ்பத்திரியில நானெல்லோ நிண்டனான். முழு வார்டுக்கும் கேக்கிற மாதிரிக் கத்தினவன்.

(நிலா சிரிக்கிறாள்.)

அம்மம்மா: நாலு வயசில கதிரையில ஏறி நிண்டு, வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் கதை சொன்னவன். தபால்காரரையும் விடேல்லை.

கவின்: அப்ப ஏன் இப்ப எனக்கு வாய் வரேல்லை?

அம்மம்மா: அதைத்தான் நானும் கேக்கிறன். எப்ப இருந்து இப்பிடி?

கவின்: (மெதுவாக) ரெண்டாம் வகுப்பில. நாங்கள் வீடு மாறி வந்த பிறகு. புதுப் பள்ளிக்கூடத்தில முதல் நாள் வாசிக்கச் சொன்னவை. நான் ஒரு சொல்லைப் பிழையா வாசிச்சிட்டன். எல்லாரும் சிரிச்சவை.

நிலா: நீ எனக்குக்கூடச் சொல்லேல்லையே!

கவின்: ஆரும் கேக்கேல்லை. “அவன் கூச்சக்காரன்” எண்டு சொன்னாப் பிறகு ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.

(அம்மம்மா பயத்தங்காயைக் கீழே வைக்கிறார்.)

அம்மம்மா: இங்க வா தம்பி. அந்த அடுப்பில இருக்கிற தண்ணியைப் பார். சுடுதோ?

கவின்: ஓம். கொதிக்குது.

அம்மம்மா: சுடுறது தண்ணியின்ர இயற்கையோ?

கவின்: இல்லை. நெருப்பாலதான் சூடாச்சுது.

அம்மம்மா: நெருப்பை நிப்பாட்டினா?

கவின்: ஆறும்.

அம்மம்மா: உடனயோ?

கவின்: இல்லை. கொஞ்சம் கொஞ்சமா.

அம்மம்மா: அவ்வளவுதான். உன்ர கூச்சமும் அப்பிடித்தான். அது உன்ர இயற்கை இல்லை. உனக்கு அப்பிடி ஆச்சுது.

நிலா: ஆனா அம்மம்மா, சில ஆக்கள் உண்மையிலேயே அமைதியா இருப்பினம்தானே? எங்கட அப்பா மாதிரி.

அம்மம்மா: ஓம், அது ஒரு குறையும் இல்லை. உங்கட அப்பா குறைச்சலாத்தான் கதைப்பார். ஆனா கதைக்க வேண்டிய இடத்தில கதைப்பார். அமைதி வேற, பயம் வேற.

கவின்: எனக்கு இன்னும் பயம்தான்.

அம்மம்மா: பயம் இருக்கட்டும். முதல்ல எனக்கு மட்டும் வாசிச்சுக் காட்டு. பிழை விட்டா நான் சிரிக்க மாட்டன்.

நிலா: நானும் சிரிக்க மாட்டன். (யோசித்து) ஒருக்காச் சிரிச்சாலும் சிரிப்பன்.

கவின்: அக்கா!

அம்மம்மா: அம்மா வேலையால வரட்டும். ஆக்களுக்கு முன்னால இனி அப்பிடிச் சொல்ல வேண்டாம் எண்டு நான் கதைக்கிறன். நீ போய்ப் பேச்சை எடுத்துக்கொண்டு வா.

6. ‘இருக்கிறது’, ‘ஆனது’

அம்மம்மா தண்ணீரைக் காட்டிச் சொன்ன வித்தியாசம் தமிழுக்கு மிகப் பழையது. தமிழில் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூல் தொல்காப்பியம். ஒரு பொருளின் தன்மையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. ஒன்று தானாகவே அப்படி இருந்தால், அது இப்படிப்பட்டது என்று நேராகச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் அப்படி மாறியிருந்தால், ‘ஆதல்’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவதை இயற்கைப் பொருள் என்றும், இரண்டாவதைச் செயற்கைப் பொருள் என்றும் அந்த நூல் அழைக்கிறது.

இந்த வாக்கியங்களைப் பாருங்கள்.

இயற்கை: பனிக்கட்டி குளிர்ச்சியானது.
செயற்கை: தண்ணீர் சூடாயிற்று.

இயற்கை: கல் கடினமானது.
செயற்கை: உரம் போட்டதால் பயிர் நன்றாயிற்று.

‘ஆயிற்று’ என்றால் ஒரு காரணம் உண்டு. நெருப்பு, உரம், மழை என்று ஏதோ ஒன்று அதை மாற்றியிருக்கிறது. காரணம் தெரிந்தால் வேறு மாதிரி ஆக்கவும் வழி கிடைக்கலாம்.

இப்போது கவின் சொன்னதையும் அம்மம்மா சொன்னதையும் எழுத்துத் தமிழில் எழுதிப் பார்ப்போம்.

கவின்: நான் கூச்சக்காரன்.
அம்மம்மா: உனக்குக் கூச்சம் உண்டாயிற்று.

முதல் வாக்கியத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால், “எப்போது? ஏன்?” என்று கேட்கத் தோன்றும். கவினிடம் மூன்று ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அதுதான்.

கவின் சொன்ன இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: ‘ஏலாது’. அது ‘இயலாது’ என்பதன் பேச்சு வடிவம். ‘இயற்கை’ என்ற சொல்லும் ‘இயலாது’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று படித்தோம் அல்லவா? ‘இயலும்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது.

எல்லாக் குணமும் மாறும் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. நிலாவின் அப்பா அமைதியானவர். அவர் மாறத் தேவையும் இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றி “அது அவர் இயற்கை” என்று சொல்வதற்கு முன் ஒரு முறை யோசிக்க வேண்டும். “ஆண் பிள்ளை அழ மாட்டான், அது ஆணின் இயற்கை” என்று சிலர் சொல்வார்கள். கண்ணீர் எல்லாருக்கும் சுரக்கிறது, அதுதான் இயற்கை. அழக்கூடாது என்பது மனிதர் செய்த பழக்கம். “கணக்கு அவளுக்கு வராது, அது அவள் இயற்கை” என்பார்கள். அவளுக்குப் புரியும்படி யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

விகுதி – சொல்லின் கடைசியில் சேரும் பகுதி
சதுப்பு நிலம் – எப்போதும் ஈரமும் சேறும் உள்ள நிலம்
கருப்பொருள் – ஒரு நிலத்துக்கு உரிய உயிர்களும் பொருள்களும்
கணையம் – வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் உள்ள உறுப்பு
எய்துதல் – அடைதல், சேர்தல்
உபாதை – தொல்லை
சுபாவம் – குணம், இயல்பு

பேச்சும் எழுத்தும்

ஒரே சொல் இலங்கைப் பேச்சிலும் தமிழ்நாட்டுப் பேச்சிலும் வேறுபடும். எழுத்தில் எல்லாருக்கும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் எதைச் சொல்வீர்கள்?

யாழ்ப்பாணப் பேச்சு – தமிழ்நாட்டுப் பேச்சு – எழுத்துத் தமிழ்
ஏலாது – முடியாது – இயலாது, முடியாது
ஓம் – ஆமா – ஆம்
கதைக்கிறன் – பேசுறேன் – பேசுகிறேன்
சொல்லேல்லை – சொல்லல – சொல்லவில்லை
என்ர – என்னோட – என்னுடைய
ஆரும் – யாரும் – யாரும்
மூண்டு – மூணு – மூன்று

பயிற்சிகள்

அ. சேர்த்து எழுதுக.

1. இயல் + கை = ________
2. சொல் + பொருள் = ________
3. கல் + சிலை = ________
4. இயல் + பெயர் = ________

ஆ. கீழே உள்ள வாக்கியங்களில் ‘இயற்கை’ எந்தப் பொருளில் வந்துள்ளது? (உலகம் / மனிதர் செய்யாதது / இறப்பு / குணம்)

1. பூனைக்கு எலியைத் துரத்துவது இயற்கை.
2. அவருடைய தாத்தா 92 வயதில் இயற்கை எய்தினார்.
3. இந்தச் சட்டைக்கு இயற்கைச் சாயம் போட்டிருக்கிறார்கள்.
4. மழை பெய்த பிறகு இயற்கை எவ்வளவு அழகு!

இ. ‘இருக்கிறது’ என்ற பொருள் தரும் வாக்கியங்களை ‘ஆனது’ என்ற பொருள் தருமாறு மாற்றுக. காரணத்தையும் சேர்த்து எழுதுக.

எடுத்துக்காட்டு: அவள் கோபக்காரி. – தம்பி புத்தகத்தைக் கிழித்ததால் அவளுக்குக் கோபம் உண்டாயிற்று.

1. அவன் சோம்பேறி.
2. இந்த நாய் பயந்தது.
3. நான் தமிழில் பேசாதவள்.

ஈ. வினாக்களுக்கு விடை எழுதுக.

1. இயற்கையானது எல்லாம் நல்லது அல்ல என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
2. ஐந்து நிலங்களில் வயல் நிலத்தின் பெயர் என்ன? அதை இயற்கை என்று சொல்லலாமா? உங்கள் கருத்தை எழுதுக.
3. “கூச்சக்காரன் எண்டு சொன்னாப் பிறகு ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்” என்று கவின் ஏன் சொன்னான்?
4. ‘அமைதி வேற, பயம் வேற’ – அம்மம்மா சொன்ன வித்தியாசத்தை எழுத்துத் தமிழில் விளக்குக.

உ. செய்து பாருங்கள்.

1. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ‘இயற்கையானது’ என்று எழுதியுள்ள மூன்று பொருள்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் “எது அல்லாத இயற்கை?” என்று கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

2. உங்களைப் பற்றி மற்றவர்கள் “இது இவனுடைய இயற்கை”, “இது இவளுடைய இயற்கை” என்று அடிக்கடி சொல்லும் ஒன்றை எழுதுங்கள். அது எப்போதும் அப்படியே இருந்ததா, ஒரு காரணத்தால் ஆனதா? வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம், “நான் சிறுவயதில் எப்படி இருந்தேன்?” என்று தமிழில் கேளுங்கள். அவர் சொன்னதை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். வகுப்பில் படிக்க விருப்பம் இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.